பதினாலு பி-யில் ஒரு கோடு

"கேட்டதுக்கு ஏண்டி பதில் எழுதுன?"

"கேட்டா எழுதாம வேற என்னம்மா—"

"ஊர்ப் பிள்ளைக அம்புட்டும் என்ன எழுதுச்சோ அதை எழுதித் தொலைக்க வேண்டியதுதான—"

"அவுக எழுதுனது வேற கேள்விக்கும்மா. நான் சொல்றதைக் கொஞ்சம் காதுல—"

"வேறயா இருந்தா இருந்துட்டுப் போகுது! உனக்கு மட்டும் என்னடி நோக்காடு? மூணாந் தடவைடி இது, மூணாந் தடவை!"

நாகஜோதி கையிலிருந்த கத்தரியைக் கீழே வைக்கவில்லை. திராட்சைத் தோட்டத்தில் குலை கத்தரித்துவிட்டு அப்படியே வந்தவள். தபால்காரர் நீட்டிய பதிவுத் தபாலை அந்தக் கத்தரியாலேயே வெட்டிப் பிரித்து, மகள் கையில் கொடுத்து, "வாசி" என்றாள். கயல் வாசித்து முடிப்பதற்குள் சண்டை தொடங்கிவிட்டது.

கடிதம் தேவாரம் ஊருக்கு மேற்கே மலையடிவாரத்தில் இருக்கும் பொன்வயல் பொறியியல் தன்னாட்சிக் கல்லூரியிலிருந்து வந்திருந்தது. கீழே தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலர் சுந்தரலிங்கத்தின் பச்சை மைக் கையெழுத்து.

'பொறியியல் கணிதம் முதல் தாளில், வினா எண் 14 பி-க்குத் தாங்கள் எழுதியுள்ள விடை, வினாத்தாளில் அச்சிடப்பட்டிருந்த வினாவுக்கு நேரடியாக எழுதப்பட்டிருப்பதாகத் தெரியவருகிறது. ஏனைய 1,139 மாணவர்களின் விடைகள் ஒன்றுபோல் உள்ளன. தங்கள் விடை மட்டும் மாறுபடுகிறது. இதனைத் தாங்கள் யாரைப் பார்த்து எழுதினீர்கள் என்பதை நேரில் வந்து விளக்க வேண்டியது.'

"மத்தவுகளைப் பாத்து எழுதுனேன்னா மாட்டிருக்க மாட்டேன். பாக்காததுக்குத்தேன் மாட்டியிருக்கேன்" என்றாள் கயல்.

"வாய் பேசாத. அந்தக் கேள்வி என்ன, சொல்லு. நான்தான உன்னைய ஒப்பிக்க வச்சேன்? ஜெராக்ஸ் தாள் கட்டை மடியில வச்சுக்கிட்டு, சாயங்காலம் சாயங்காலம், நீ சொல்ல நான் கேக்க... பதினாலு பி எனக்கே வரும்டி. எக்ஸ் ஸ்கொயர், மைனஸ் ஒன்னுலருந்து ஒன்னு வரைக்கும், விடை மூணுல ரெண்டு. வரலையா உனக்கு?"

"வந்துச்சும்மா. ஆனா தாள்ல எக்ஸ் ஸ்கொயருக்கு மேல ஒரு கோடு. கோட்டுக்கு மேல ஒன்னு. ஒன்னு பை எக்ஸ் ஸ்கொயர். அது வேற கணக்கு. நடுவுல போகப் போக ஒசந்துக்கிட்டே போகும். முடிவே கெடையாது."

"எம்புட்டு ஒசரம்?"

"அளவே கெடையாது."

"இந்தா நிக்கிற மலை ஒசரமா?"

"அதுக்கும் மேல."

"அம்புட்டு ஒசரத்துல உனக்கு என்னடி சோலி?"

கயலிடம் இதற்குப் பதில் இல்லை. அவள் எழுதியதும் ஏறக்குறைய அதுதான்: 'இதற்கு விடை இல்லை. பரப்பு எல்லையின்றிப் பெருகுகிறது.' ஒரு பக்கம் முழுக்கக் காரணம் காட்டி எழுதியிருந்தாள்.

மற்ற எல்லாத் தாள்களிலும் தேறிவிட்டாள். இது ஒன்றுதான் நின்றது. லோயர் கேம்ப் பவர் ஹவுஸில் ஓராண்டுப் பயிற்சிக்கு உத்தரவு வந்து, அலமாரியில் சேலைகளுக்கு அடியில் இருந்தது. ஜூலை முப்பத்தொன்றுக்குள் தேர்ச்சிச் சான்றைக் காட்டினால் பயிற்சி உண்டு. காட்டாவிட்டால் அடுத்த பெயருக்குப் போய்விடும். அன்று தேதி ஜூலை இரண்டு.

*

பள்ளத்தாக்கில் தண்ணீருக்கு முறை உண்டு. அணை திறந்தால் எந்த வாய்க்காலுக்கு எந்த நாள், எந்த வயலுக்கு எத்தனை மணி நேரம் என்று வரிசை இருக்கும். வரிசையை மாற்றினால் வெட்டுக்குத்தில் போய் முடியும். சுந்தரலிங்கம் வாய்க்காலின் தலைமடைக் குடும்பத்தில் பிறந்தவர். பதினோரு ஆண்டுகளுக்கு முன்பு அவர் பொறுப்பேற்ற வாரத்தில், கணிதத் தாளில் யாரும் முன்பின் பார்த்திராத கேள்வி ஒன்று வந்துவிட்டது. மாணவர்கள் இரண்டு பேருந்துகளின் கண்ணாடியை உடைத்தார்கள். அப்போதுதான் அவருக்கு அந்த யோசனை உதித்தது. தண்ணீருக்கு முறை இருக்கும்போது கேள்விக்கு ஏன் இருக்கக்கூடாது?

பழைய வினாத்தாள்களிலிருந்து ஒவ்வொரு பாடத்திலும் வினா எண்ணுக்கு ஆறு கணக்குகள் எடுக்கப்பட்டன. ஒவ்வொரு ஆண்டும் ஒவ்வொன்றுக்கு முறை. இந்த ஆண்டு வந்த கணக்கு இனி ஆறு ஆண்டுகள் கழித்தே தலைகாட்டும். முறைக் குறிப்பேடு கல்லூரி வாசலுக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருந்த ஒச்சாண்டியிடம் ஒப்படைக்கப்பட்டது. அந்தந்த ஆண்டு முறை வந்த கணக்குகளை விடையோடு நகலெடுத்துக் கட்டாகக் கட்டி விற்பது அவர் வேலை. ஒச்சாண்டி பதினேழு ஆண்டுகள் வாய்க்காலில் மடை திறந்து மூடியவர். யாருக்கும் அரைமணி கூடக் குறைய விட்டதில்லை என்று பெயர். நுண்கணிதம் அவருக்குத் தெரியாது. அது ஒரு கூடுதல் தகுதியாகக் கருதப்பட்டது.

தேர்ச்சி விகிதம் நாற்பத்தொன்றிலிருந்து தொண்ணூற்றெட்டுக்கு ஏறியது. வேறு மாவட்டக் கல்லூரிகளிலிருந்து பார்வையிட வந்தார்கள். ஆயுத பூஜையன்று ஒச்சாண்டியின் கட்டுக்குச் சந்தனம் வைத்தார்கள்.

கயல் முதல் இரண்டு தடவையும் கணக்கைத் தன் வழியில் போட்டு, விடையைச் சரியாகக் கொண்டுவந்து, தோற்றாள். 'முறை தவறிய விடை' என்று ஓரத்தில் எழுதியிருந்தது. மூன்றாவது தடவை அம்மா மடியில் அந்தக் கட்டை வைத்து ஒப்பிக்க வைத்துத்தான் அனுப்பினாள். எல்லாம் மனப்பாடம். ஆனாலும் தேர்வறையில் பதினாலு பி வந்தபோது அவள் கேள்வியை வாசித்துவிட்டாள். பழக்கதோஷம்.

*

"வாம்மா, உக்காரு. காப்பி சாப்பிடுறியா?"

விசாரணை அறையில் மூன்று பேர். நடுவில் சுந்தரலிங்கம். வலப்பக்கம் கணிதத் துறை ராஜமணி மேடம், பதினோரு ஆண்டுகளாகத் தற்காலிக விரிவுரையாளர். இடப்பக்கம் கணினிக்கு முன்னால் தட்டச்சர் சுரேஷ்கண்ணன். வெளியே ஆனி மாதக் காற்று மலையிலிருந்து இறங்கி சன்னல் கதவுகளைப் பிடித்து ஆட்டிக்கொண்டிருந்தது.

"வேண்டாம் சார்."

"பயப்படாத. ஒன்னே ஒன்னுதேன் கேக்கப்போறேன். யாரைப் பாத்து எழுதுன?"

"யாரையும் பாக்கலை சார். கேள்வியைப் பாத்தேன்."

சுந்தரலிங்கம் தட்டச்சர் பக்கம் திரும்பினார். திரும்பியதும் அவர் பேச்சு சலவை செய்த வேட்டி போல ஆகிவிட்டது. "எழுதிக்கப்பா. கேள்வியைப் பார்த்ததாக மாணவி ஒப்புக்கொண்டார்."

விசைகள் சடசடத்தன.

"ஏம்மா பாத்த?"

"கேள்வின்னா பாக்கணும்ல சார்?"

"எதுக்கு? பதினோரு வருசமா இங்கன கேள்வியைப் பாக்கவேண்டிய நெலைமையை நாங்க ஒரு பிள்ளைக்கும் வச்சதில்லையே. பதினாலு பி-ன்னு நம்பர் போட்டிருக்கா? நம்பரைப் பாத்தாப் போதும். கேள்விங்கிறது பிள்ளைகளைக் குழப்புறதுக்கு இல்லைம்மா. விடையை ஞாபகப்படுத்துறதுக்கு."

"ஆனா அதுல ஒன்னு பை எக்ஸ் ஸ்கொயர்னு இருந்துச்சு சார். அதுக்கு மூணுல ரெண்டு எப்படி சார் வரும்?"

"ஆயிரத்து நூத்து முப்பத்தொம்பது பேருக்கு வந்திருக்கே?"

ராஜமணி மேசையிலிருந்த காகித எடையை ஒரு அங்குலம் நகர்த்திவைத்தார்.

"அவுக கேள்வியைப் பாக்காமலே சரியா எழுதியிருக்காக. நீ பாத்தும் தப்பா எழுதியிருக்க. இதுல எது படிப்பு, நீயே சொல்லு. 'விடை இல்லை'ன்னு எழுதியிருக்க. எட்டு மார்க் கேள்விக்கு விடை இல்லைன்னா, அந்த எட்டு மார்க்கை நான் எங்கன கொண்டுபோய் வைக்கிறது? எழுதிக்கப்பா. இக்கல்லூரியின் வரலாற்றில் விடையில்லாத வினா கேட்கப்பட்டதில்லை. முன்கூட்டி விடை தெரியாத வினாவும் கேட்கப்பட்டதில்லை."

"எழுதிட்டேன் சார்."

"இதுக்கு முன்னாடி மூணு பேர் இப்படித்தேன், கேள்வியைப் பாத்து எழுதுனாக."

"அவுக இப்ப எங்க சார்?"

"நல்லா இருக்காக."

தட்டச்சரின் விரல்கள் விசைகளின் மேல் நின்றன.

"அதை எழுத வேண்டாம்" என்றார் சுந்தரலிங்கம். "காப்பி ஆறுது பாரு. குடிம்மா."

*

மாடிப்படிக்கு அடியில் குடிநீர்க் குழாய். ராஜமணி அதை முழுக்கத் திறந்துவிட்டார். தண்ணீர் தொட்டியில் விழும் இரைச்சலுக்குள் பேசினார்.

"நீ எழுதுனது சரி. எட்டுக்கு எட்டு. நாலு வருசத்துல நான் பாத்த ஒரே உருப்படியான விடை அதுதேன்."

"அதை உள்ள சொல்லியிருக்கலாம்ல மேடம்?"

"என்னைய நிரந்தரம் பண்ற ஃபைல் அவரு மேசையிலதேன் இருக்கு கயல். இடது கை ஓரமா. பாத்திருப்ப."

"பாக்கலை."

"நான் பாத்துக்கிட்டே இருந்தேன்."

குழாய் ஓடியது. கயல் கேட்டாள்: "நீங்கதான மேடம் கேள்வித்தாள் எடுக்கிறவுக? அந்த ஒன்னும் கோடும் எப்படி வந்துச்சு?"

"எடுக்கிறவன்னு பேர் மட்டும் என்னோடது. சுரேஷ்கண்ணன் ஒச்சாண்டி கடைக் கட்டைப் பாத்து டைப் அடிப்பான். நான் கவர்ல கையெழுத்துப் போடுவேன். இந்தத் தடவை கட்டுல எக்ஸ் ஸ்கொயருக்கு மேல ஒரு கோடு இருந்துச்சாம். கோடு இருந்தா மேல என்னமாச்சும் இருக்கணுமேன்னு அவனா யோசிச்சு ஒன்னு போட்டிருக்கான். வேலைக்கு வந்ததுலருந்து அவன் யோசிச்சது அது ஒரு தடவைதேன்."

"அப்ப இது அச்சுப் பிழை. சொன்னா முடிஞ்சுச்சு!"

"எப்படிச் சொல்ல? பிழைன்னு சொன்னா எங்கருந்து டைப் அடிச்சீகன்னு கேப்பாக. கட்டுலருந்துன்னா தன்னாட்சி போச்சு. ஆயிரத்து நூத்து முப்பத்தொம்பது பேர் தேர்ச்சி போச்சு. உன் ஒருத்தியைத் தப்புன்னு சொன்னா எல்லாம் அப்படி அப்படியே இருக்கும்." அவர் குழாயை மூடினார். மூடியதும் குரலும் மாறிவிட்டது. "நல்லாப் படிம்மா. என்ன?"

*

ஒச்சாண்டி எதையும் மறைக்கவில்லை.

"அந்தக் கீறலா? போன கார்த்திகையில விழுந்துச்சு ஆத்தா. ஒரு பய ஸ்டேப்ளர் பின்னோட தாளைக் கண்ணாடியில வச்சு இழுத்துட்டான். இங்கன பாரு."

வெறும் வெள்ளைத்தாளை வைத்து பொத்தானை அழுத்தினார். வெளியே வந்த தாளில் நடுவுக்குச் சற்றுக் கீழே, விரற்கடை நீளத்தில், கறுப்பாக ஒரு கோடு. கயல் கட்டைப் புரட்டினாள். ஒவ்வொரு பக்கத்திலும் அதே இடத்தில் கோடு. பதினாலு பி இருந்த பக்கத்தில் அது எக்ஸ் ஸ்கொயருக்கு நேர் மேலே விழுந்திருந்தது.

"பெரியப்பா, இந்த வெள்ளைத்தாளை நான் எடுத்துக்கிறவா?"

"எடுத்துக்க. ஒன்னுமில்லாத தாளுக்கு என்னத்தைக் கேக்க?" ஒச்சாண்டி முறைக் குறிப்பேட்டைத் தட்டினார். "ஆனா ஒன்னு சொல்றேன் ஆத்தா. பதினேழு வருசம் மடை பாத்தவன் நான். முறை வந்தா தண்ணியைத் தெறந்து விட்டுறணும். அதுல சேறு வருதா, பாம்பு வருதான்னு நின்னு பாத்துக்கிட்டு இருந்தம்னா அடுத்த வயக்காரன் மம்பட்டியைத் தூக்கிருவான்."

"பாம்பு வந்தா?"

"வயல்ல எறங்கும். அப்புறம் வயக்காரன் பாடு."

*

இரண்டாவது விசாரணை கலையரங்கில் நடந்தது, சாட்சிகள் அதிகம் என்பதால்.

மாணவர்கள் பத்துப் பத்துப் பேராக வந்தார்கள். மேசையில் ஏப்ரல் தேர்வின் வினாத்தாள் விரித்து வைக்கப்பட்டிருந்தது. "பதினாலு பி என்ன?" என்று கேட்டால், அவர்கள் சுவரைப் பார்த்துக்கொண்டு, "எக்ஸ் ஸ்கொயர், மைனஸ் ஒன்றிலிருந்து ஒன்று வரை, மூன்றில் இரண்டு" என்றார்கள். பத்துப் பேருக்கும் ஒரே இடத்தில் மூச்சு வாங்கியது.

கயலோடு நான்கு வருடம் ஒரே பெஞ்சில் உட்கார்ந்த விஜியும் வந்தாள். அவளுக்கும் இது அரியர்தான்.

"விஜி, தாளைக் குனிஞ்சு பாருடி. ஒரு தடவை" என்றாள் கயல்.

"பாத்தா என்னாகும்?"

"கோடு தெரியும்."

"தெரிஞ்சா?"

விஜி சுவரைப் பார்த்து ஒப்பித்துவிட்டு, போகும்போது, "கோவிச்சுக்காதடி. எனக்கு மாப்பிள்ளை பேசியிருக்காக" என்றாள்.

அடுத்து கண் மருத்துவர். கயலின் இரு கண்களிலும் டார்ச் அடித்து, எழுத்துப் பலகையை வாசிக்கச் சொல்லி, கண்ணில் எந்தக் குறையும் இல்லை என்று எழுதிக் கொடுத்தார்.

"எழுதிக்கப்பா" என்றார் சுந்தரலிங்கம். "பார்வையில் குறையில்லை என்று மருத்துவர் சான்றளித்துள்ளதால், மாணவி கோட்டைப் பார்த்தது வேண்டுமென்றே என்று கொள்ளப்படுகிறது."

கயல் பையிலிருந்து வெள்ளைத்தாளை எடுத்தாள். "சார், இது எதிர்த்த ஜெராக்ஸ் கடை மெசின்ல வந்த தாள். இந்தக் கோடுதேன் கேள்விக்குள்ள போயிருக்கு. பாருங்க."

சுந்தரலிங்கம் தாளை வாங்கி வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தார். முன்புறம் பார்த்தார், பின்புறம் பார்த்தார். அரங்கில் இருந்தவர்களுக்கும் காட்டினார். கோடு எல்லோர் கண்ணுக்கும் நேராக இருந்தது.

"எழுதிக்கப்பா. மாணவி தன் தரப்புச் சான்றாக ஒரு வெற்றுத்தாளை அளித்தார்."

"சார், கோடு—"

"இரும்மா. நான் கணக்குப் படிச்சவன் இல்லை. நெசமாவே இருந்தா எனக்குத் தெரியாமப் போயிரும். கணக்குப் படிச்சவுக இருக்காக, கேட்ருவோம்." ஏப்ரல் வினாத்தாளை ராஜமணி பக்கம் தள்ளினார். "மேடம், பதினாலு பி. எக்ஸ் ஸ்கொயருக்கு மேல கோடு இருக்கா?"

ராஜமணி கண்ணாடியைக் கழற்றி, சேலைத் தலைப்பில் துடைத்து, மாட்டிக்கொண்டார். குனிந்தார். வெகுநேரம் குனிந்தே இருந்தார். காற்றுக்கு அரங்கின் தகரக் கூரை ஒரு ஓரமாக எழும்பி எழும்பி உட்கார்ந்தது. தட்டச்சர் கொட்டாவி விட்டார்.

"தெரியலை சார்."

"இருக்கான்னு தெரியலையா, இருக்கிறது தெரியலையா?"

"கோடு எதுவும் தெரியலை சார்."

"எழுதிக்கப்பா."

தீர்ப்பு அங்கேயே வாசிக்கப்பட்டது. மூன்று ஆண்டுகள் தேர்வெழுதத் தடை. ஆனால் கல்லூரி ஒரு தாயைப் போன்றது என்பதால், 'நான் கோடு எதையும் பார்க்கவில்லை' என்று மாணவி கையெழுத்திட்டால், ஜூலை இருபத்துநான்காம் தேதி அவருக்கு மட்டும் சிறப்புத் தேர்வு நடத்தப்பட்டு, மூன்றாம் நாள் சான்று வழங்கப்படும்.

"எத்தனை நாள் சார் யோசிக்கலாம்?"

"யோசிக்கிறதுக்கா?" சுந்தரலிங்கத்துக்கு உண்மையாகவே கேள்வி விளங்கவில்லை. "எதுக்கும்மா?"

*

மறுநாள் ஜெராக்ஸ் கடையில் புது இயந்திரம் நின்றது. மாலை போட்டிருந்தார்கள். ஓரத்தில் 'பொன்வயல் கல்லூரி அன்பளிப்பு' என்று சிவப்பு எழுத்து.

"பெரியப்பா, பழைய மெசின் எங்க?"

"எந்தப் பழசு?"

"கீறல் விழுந்த கண்ணாடி..."

ஒச்சாண்டி அவள் முகத்தை நேராகப் பார்த்தார். பொய் சொல்கிறவரின் பார்வை இல்லை அது. வழி கேட்டு வந்த வெளியூர்க்காரியைப் பார்ப்பது போல இருந்தது.

"கீறலா? எங்கிட்ட எப்ப ஆத்தா கீறல் விழுந்த கண்ணாடி இருந்துச்சு? வெயில்ல அலையாத. மோர் குடிக்கிறியா?"

அவள் வீட்டுக்கு ஓடினாள். பஸ்ஸுக்குக் காத்திருக்கப் பொறுக்காமல், வந்த ஷேர் ஆட்டோவில் தொற்றிக்கொண்டு வந்தாள். அலமாரியைத் திறந்து, தேர்வறையிலிருந்து கொண்டுவந்த தன்னுடைய வினாத்தாளைத் தேடினாள். சேலைகளைக் கீழே இழுத்துப் போட்டாள்.

"எதைத் தேடுற?" வாசற்படியில் நாகஜோதி.

"என் கொஸ்டின் பேப்பரு."

"காலேஜு வண்டியில ரெண்டு பேர் வந்தாக. எல்லாப் பிள்ளைக வீட்டுலயும் வாங்கியாச்சு, உங்க வீடு ஒன்னுதேன் பாக்கின்னாக. தன்மையா பேசுனாக. வாசல்லயே செருப்பைக் கழட்டிட்டு வந்தாக."

"குடுத்துட்டியா?"

"உன் நல்லதுக்குன்னு சொன்னாக."

"அம்மா! அதுல மட்டுந்தேன் இன்னும் கோடு இருந்துச்சும்மா!"

"இருந்துச்சு. நானும் பாத்தேன்." நாகஜோதி இரண்டு கைகளையும் மகள் முகத்துக்கு முன்னால் நீட்டினாள். மருந்தடித்த குலைகளில் புழங்கிப் புழங்கி விரல்நுனிகள் வெளுத்து, தோல் உரிந்து, ரேகைகளே இல்லாமல் இருந்தன. "போன வாரம் ரேசன் கடையில மெசின்ல வெரலை வச்சேன். பத்து வெரலும் வச்சேன். எதுவும் விழலை. நீ யாருண்டு கேக்குது அந்த மெசினு. இன்னும் எம்புட்டுக் காலத்துக்குடி நான் கத்தரிக்க? பவர் ஹவுசு வேலைக்குப் போ. போயி, சம்பளம் வாங்கி, அப்புறம் எந்தக் கோட்டை வேணாலும் பாரு. ஒரு கையெழுத்துடி. ஒரே ஒரு கையெழுத்து."

கயல் அம்மாவின் விரல்களைப் பார்த்தாள்.

"நீயாவது பாத்தேன்னு சொல்றியே" என்றாள்.

"உங்கிட்டச் சொல்றேன். வேற ஆரும் கேட்டா சொல்லமாட்டேன்."

*

ஜூலை இருபத்துநான்கு. அறுபது மேசை போட்ட கூடத்தில் கயல் மட்டும் உட்கார்ந்திருந்தாள். கண்காணிப்புக்கு ராஜமணி. நான்கு மூலையிலும் கேமரா. மலையில் மேகம் இறங்கி, காலை பத்து மணிக்கே குழல்விளக்குகளைப் போட்டிருந்தார்கள்.

சுந்தரலிங்கம் முத்திரையிட்ட உறையுடன் வந்தார். ஒரு மாணவிதான் என்றாலும் ஒலிபெருக்கி வைத்திருந்தார்கள். அவர் அதைத் தட்டிப் பார்த்தார்.

"மாணவச் செல்வங்களே! நடந்து முடிந்த விசாரணை நம் கண்களைத் திறந்திருக்கிறது. பிழை எங்கே நுழைகிறது என்று நிபுணர் குழு ஆராய்ந்தது. பிழை கேள்வியில் நுழைகிறது. ஆகவே இன்று முதல், மாநிலத்திலேயே முதன்முறையாக, பிழை நுழைய இடமில்லாத வினாத்தாளை அறிமுகப்படுத்துகிறோம். இதனை முதலில் எழுதும் பெருமை கயல் என்னும் மாணவியைச் சேரும். கைதட்டல் வேண்டாம், தேர்வு நேரம்."

உறையைப் பிரித்து, தாளை அவரே கொண்டுவந்து அவள் மேசையில் வைத்தார். "நல்லா எழுதும்மா" என்று தலையில் கைவைத்துவிட்டுப் போனார்.

தாளில் எண்கள் மட்டும் இருந்தன. பதினொன்று ஏ, பதினொன்று பி, பன்னிரண்டு ஏ என்று கீழ்நோக்கி ஒரே சீராக இறங்கின. எண்களுக்கு எதிரே சுத்தமான வெள்ளை.

கயல் சிறிது நேரம் அந்த வெள்ளையைப் பார்த்தாள். பிறகு பேனாவைத் திறந்து எழுதத் தொடங்கினாள். கஷ்டமாகவே இல்லை. எண்ணைப் பார்த்தால் விடை வந்தது. பதினொன்று முடிந்தது, பன்னிரண்டு முடிந்தது. கை அதுபாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. சாயங்காலம் சாயங்காலம் ஒப்பித்த குரல் உள்ளே ஓடிக்கொண்டிருந்தது. பதினாலு பி வந்தபோது பேனா ஒரு நொடி நின்றது. ஒரு நொடிதான். மூன்றில் இரண்டு என்று எழுதி, கீழே இரண்டு கோடு போட்டாள்.

கூடுதல் தாளில் கையெழுத்துப் போடுவது போல ராஜமணி வந்து குனிந்தார். கேமராவுக்கு முதுகைக் காட்டி நின்றார். திங்கட்கிழமைதான் அவருக்கு நிரந்தர உத்தரவு வந்திருந்தது.

"நேத்து வகுப்புல அந்தக் கணக்கைப் போட்டேன்" என்றார், உதடு அசையாமல். "ஒன்னு பை எக்ஸ் ஸ்கொயர். பலகையில நாந்தேன் எழுதுனேன். மைனஸ் ஒன்னுலருந்து ஒன்னு வரைக்கும்."

கயல் பதினைந்தாம் எண்ணுக்குப் போய்விட்டாள்.

"விடைக்கு வந்தப்ப கை தானா மூணுல ரெண்டுன்னு எழுதிருச்சு. நின்னு பாத்தேன் கயல். அழிக்கத் தோணலை. சரியாத்தேன் தெரிஞ்சுச்சு."

பேனா ஓடிக்கொண்டிருந்தது. வெளியே காற்று முற்றிலும் அடங்கியிருந்தது.

"கயல்... அன்னைக்கு அந்தத் தாள்ல நெசமாவே கோடு இருந்துச்சா?"